சாரலும் பூனைநாய் மழையும்

ஆனி மாதம் பிறந்ததும் மேற்கேயிருந்து ஒரு குளிர்காற்று தென்காசி வீதிகளில் புகுந்து, இளவெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பொடிப்பொடியான நீர்த்துளிகளை மேலே தெளித்துவிட்டுப் போகும். ‘சாரல் அடிக்கிறது’ என்பார்கள் ஊரார். குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கிவிட்டது என்ற சமாசாரமும் அந்த இரண்டு வார்த்தைகளிலேயே அடங்கிவிடும்.

பழைய இலக்கியங்களில் சாரல் என்பது மலைச்சரிவு. அந்தச் சரிவில் கவியும் மேகம் உதிர்க்கிற தூறலுக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே, கும்பினியார் காலத்தில் பாளையங்கோட்டை வெயிலுக்கு அஞ்சிக் குற்றாலத்தில் வந்து தங்கிய துரைமார்களில் எவரேனும் ஏட்டுத்தமிழ் மட்டும் கற்றவராக இருந்திருந்தால், ‘மலைச்சரிவு அடிக்கிறது’ என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு திகைத்திருக்கக் கூடும்.

அதே திகைப்பு நம்முடைய பிள்ளைகளுக்கும் வாய்த்தது. 1835-இல் பெண்டிங்க் பிரபுவின் அரசாங்கம் ஆங்கிலக் கல்வியை ஆதரிப்பதென்று தீர்மானித்தபின், உயர்தர வகுப்புகளில் சரித்திரமும் கணிதமும்கூட ஆங்கிலத்திலேயே போதிக்கப்பட்டன. மரபுத்தொடர்களை ஒரு பக்கமும் அவற்றின் பொருளை மறுபக்கமுமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி நெட்டுருப் போடுவது மாணாக்கருக்கு ஒரு நித்திய கருமமாயிற்று. பெருமழையை ஆங்கிலேயர் ‘பூனைகளும் நாய்களுமாகப் பெய்கிறது’ என்பார்கள். எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் பாடிய லண்டன் மழையில் செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் சாக்கடை வெள்ளத்தில் மிதந்து வருகின்றன. 1738-இல் அவர் வெளியிட்ட உரையாடல் நூலில் அந்தத் தொடரே இடம்பெறுகிறது. எனினும் அதற்கும் முந்திய நூல்களில் அதன் சாயல் காணப்படுவதால், மூலம் எதுவென்பதில் பண்டிதர்கள் இன்னும் ஒருமைப்படவில்லை.

மூலம் தெரியாததனால் ஆங்கிலேயனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ‘பேய்மழை’ என்று நாம் சொல்லும்போது பேயை யார் தேடுகிறார்கள்? பிறந்த வீட்டில் காதால் கேட்டுப் பழகியவனுக்கு மழை மட்டுமே தெரிகிறது. அகராதியைக் கொண்டு நுழைகிறவனுக்கோ பூனையும் நாயும் பேயும் தனித்தனியாக எதிரே வந்து நிற்கின்றன.

பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், தமிழர் தமிழிலேயே கற்க வேண்டுமென்று வற்புறுத்தியதிலும், ஜனங்களின் பேச்சில் உள்ள உயிரையே தமிழின் உயிராகக் கொண்டாடியதிலும் இந்த உண்மை பொதிந்திருக்கிறது. அவருடைய அன்பர் நீதிபதி எஸ். மகராஜன் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டையும் லியர் மன்னனையும் தமிழில் பேசவைத்தது அந்த ரசனையில் ஊறியவர் என்பதனாலேயே.

அந்த நெறிப்படி பார்த்தால், பூனைநாய் மழையைத் தமிழில் பெய்விப்பது சிரமமில்லை. ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது’ என்றால் தீர்ந்தது. சாரலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். தூறலைக் குறிக்கும் சொல் அங்கும் உண்டு; காற்றும் இளவெயிலும் மூன்று கல் தொலைவில் விழும் அருவியும் அதில் வந்து சேர்வதில்லை.