போர்களுக்கு நடுவே ஒரு ராமாயணம்

சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையில் இலங்கைப் போர் உண்டு. அவர் கண்முன் நடந்த தஞ்சைப் போர்கள் இல்லை. 1711இல் தில்லையாடியில் பிறந்து 1779இல் மறைந்தவர் அவர். பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1749இல் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்த தேவிகோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. 1771இலும் 1773இலும் ஆர்க்காட்டு நவாபுக்காக ஆங்கிலேயக் கும்பெனிப் படை வந்தது. இரண்டாம் முறை தஞ்சை மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். இவ்வளவுக்கும் நடுவே வாழ்ந்தவர் ராமன் கதையைப் பாடிக்கொண்டிருந்தார் என்றால், காலத்தைக் கண்டுகொள்ளாத பக்தி என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் காலத்தின் தடத்தை நூலின் கதையில் தேடுவதைவிட, அதன் வடிவிலும் அதை ஆதரித்தவர்களிடத்திலும் தேடுவதே சரி.

கவிராயர் தருமபுரம் ஆதீனத்தில் படித்து, பின்னர் சீர்காழிக்குக் குடிபெயர்ந்தவர். அரண்மனைச் சோற்றில் வளர்ந்த புலவரல்லர். கம்பன் சொன்ன கதையைத் தரு என்னும் இசைப்பாடல்களாகவும் விருத்தங்களாகவும் அவர் அமைக்க, சட்டநாதபுரத்துச் சீடர்கள் வேங்கடராமையரும் கோதண்டராமையரும் இசை சேர்த்தார்கள். காப்பியம் அரங்கேறப் புலவர் சபை வேண்டும். கீர்த்தனைக்குப் பாடத் தெரிந்த ஒருவர் போதும். திருவரங்கத்தில் அரங்கேறிய இந்நூலைச் சென்னையில் போற்றியவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். அவர் சென்னையின் கும்பெனிக் கவர்னர் பிகட்டின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் முகவரும். நவாபிடமிருந்து தஞ்சையை மீட்டு 1776இல் துளஜாஜியிடம் திரும்பக் கொடுத்தவரும் அதே பிகட்தான். அரசனுக்கு அரியணையும் கவிஞனுக்குப் பரிசும் கும்பெனிச் சென்னையின் வழியாக வரும் காலம் பிறந்துவிட்டது.

இதற்கு மறுப்புகள் உண்டு. கம்பன் அரங்கேற்றிய இடம் என்ற மரபே கவிராயரைத் திருவரங்கத்துக்கு அழைத்திருக்கலாம். துளஜாஜியும் அவரைக் கௌரவித்தார் என்பது வழிவழிச் செய்தி. கீர்த்தனையும் புதிதல்ல, அதே சீர்காழியில் முத்துத்தாண்டவர் அவருக்கு முன்பே பாடியிருக்கிறார். தஞ்சை அரண்மனையிலோ இசை நாடகங்கள் முன்பே நடந்தன. எல்லாம் சரியே. போர்தான் இந்த வடிவத்தைப் பெற்றெடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த வடிவங்களில் எது அரசவை ஆட்டங்கண்டாலும் தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் போர் காட்டியது. மன்னர் கௌரவித்திருந்தாலும், பல புரவலர்களில் அவரும் ஒருவர்தான். மடம், கோயில், துபாஷியின் வீடு என்று நூலுக்கு வேறு வாசல்கள் திறந்திருந்தன. கவிராயர் மறைந்த இரண்டாம் ஆண்டில், 1781இல், ஹைதர் அலியின் படை காவிரிப் படுகையைச் சூறையாடியது. அந்த அழிவையும் கடந்து இந்தக் கீர்த்தனைகள் இன்றைய கச்சேரி மேடைவரை வந்திருக்கின்றன. கவிராயர் தம் காலத்துப் போரைப் பாடவில்லை. அந்தக் காலத்தில் பிழைத்திருக்கக்கூடிய நூலைச் செய்தார். வரலாற்றுக்கு அதுவும் சாட்சியமே.