தாம்பரத்தில் இரண்டு தண்டவாளம்

பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். மீட்டர்கேஜ்! பிற்பாடு பிராட்கேஜ் வந்தபோது பழசை உடனே பெயர்த்துவிடவில்லை. சில வருஷம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 2004-ல்தான் மீட்டர்கேஜுக்கு விடைகொடுத்தார்கள். இதுக்கும் இன்டர்நெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

இன்டர்நெட்டில் பேச ஒரு எண் வேண்டும். பழைய முறையான ஐ.பி.வி.4-ல் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். 2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகப் பொதுக் கையிருப்பு காலி! அதற்கு முன்பே, 2010 ஜூலையில், ஐ.பி.வி.6-க்கு மாறும் திட்டத்தை மத்திய அரசு வெளியிட்டிருந்தது. ஆனால் பழசும் புதுசும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாது. ஆகவே, இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டியதாயிற்று.

கஷ்டம் யாருக்கு? 'நெட் வரலை சார்' என்று நீங்கள் போன் போட்டதும் எடுக்கிறாரே, அவருக்கு! கோளாறு எந்தத் தண்டவாளத்தில் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். புள்ளி வைத்த நான்கு எண்களை மனப்பாடமாகச் சொன்னவர், எழுத்தும் எண்ணும் கலந்த எட்டுத் தொகுதிகளுக்குப் பழக வேண்டும். பாதுகாப்புக்காக ஐ.சி.எம்.பி. செய்திகளை மொத்தமாக அடைத்துவைப்பது பலருடைய பழைய வழக்கம். புதியதில் அப்படிச் செய்தால் இணைப்பே படுத்துவிடும். பழகியதை மறப்பதுதான் முதல் பாடம்.

தாம்பரத்தில் மீட்டர்கேஜ் போய்விட்டது. இன்டர்நெட்டில் பழசு இன்னும் போகவில்லை. போனை எடுப்பவர் கொஞ்சம் தடுமாறினால் கோபிக்காதீர்கள். பாவம், அவர் இரண்டு ரயிலை ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்!