பொதியும் அதன் உடையவனும்

விற்றவன் பணத்தைப் பெறுகிறான். வாங்கியவன் பண்டத்தைப் பெறுகிறான். பண்டத்தைப் பொதிந்து வந்த உறை யாருக்கு உரியது? பண்டைய வணிகத்தில் இவ்வினா எழுந்ததில்லை. அதற்கான விடை உறையிலேயே இருந்தது.

கல்முனைக் கரை இதற்கு நல்ல சான்றாகும். ஒரு புறம் கடலும் மறுபுறம் வயலும் அமைந்த இவ்வூர்களில் வாழையிலையும் தாமரையிலையும் உணவைத் தாங்கின. பன்புல்லால் பெண்கள் பாயும் பையும் இழைத்தனர். ஓலையுமலில் மீன் வீடு வந்து சேர்ந்தது. எருமைத் தயிர் மண்சட்டியில் உறைந்து, சட்டியோடே விலையாயிற்று. இலையும் ஓலையும் மண்ணுக்கு மீண்டன. கண்ணாடிப் போத்தலோ கடைக்கு மீண்டது. வெறும் போத்தலுக்கும் ஒரு விலை இருந்தமையால் அதை எவரும் எறிந்ததில்லை.

இம்முறையை மாற்றிய பொருள் பிறந்தது இங்கிலாந்தில். 1933ஆம் ஆண்டில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில், வேறொன்றை நாடிச் செய்த சோதனையின்போது பொலித்தீன் தற்செயலாகத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் அது ராடார்க் கருவிகளின் மின்கம்பிகளுக்குக் காப்புறையாயிற்று. போர் முடிந்தபின் வீடுகளுக்குள் புகுந்தது. கைப்பிடியோடு கூடிய இன்றைய கடைப்பைக்கு, சுவீடன் நாட்டுத் துலின் என்பாரின் பெயரால் 1965இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது.

சிறுபொதியின் வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், 1970களில் ஷம்பூவைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்க வழி கண்டார். அன்றாடம் கூலி பெறுவோன் ஒரு போத்தலுக்கான பணத்தை ஒருங்கே கொடுக்க மாட்டான். ஒரு வேளைக்கு வேண்டியதை வாங்க அவனால் இயலும். செல்வர் வீட்டுப் பண்டத்தை ஏழையின் கைக்கு எட்டச் செய்த நற்கருத்து அது. ஆயினும், ஒரு போத்தல் இருந்த இடத்தில் எத்தனையோ சிற்றுறைகள் வந்தன. இலங்கையிலோ 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின், உறையிட்ட பண்டங்கள் கடைகளில் பெருகின.

கல்முனையிலோ வீடுகள் நெருங்கிய ஊர்கள். குப்பைக்கென ஒதுக்க நிலம் அரிது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையைச் சிதைத்தபின் இந்நெருக்கடி மேலும் முற்றியது. 2008ஆம் ஆண்டளவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் ஒரு குப்பைத்தளம் அமைந்தது. கல்முனை உள்ளிட்ட அயலூர்களின் கழிவு அங்கே சென்றது. குப்பை குவிந்ததேயன்றி, மீள்சுழற்சிக்கு உட்படவில்லை. காவலாக நின்ற மின்வேலியை 2014இல் இடி தாக்கியது. அது பழுது நீக்கப்படவில்லை. உணவின் மணத்தை நுகர்ந்த காட்டு யானைகள் குவியலுக்குள் நுழைந்தன. 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளிவந்த செய்திப்படி, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் அங்கே மாண்டிருந்தன. அவற்றின் வயிற்றைப் பிளந்து நோக்கிய மருத்துவர்கள் கண்டவை பொலித்தீனும் உணவுப்பொதிகளின் உறைகளுமே. சோற்றின் சுவை ஒட்டியிருந்த உறையை யானை சோறென்றே கொண்டது.

அரசு வாளாவிருந்தது என்று கூறுதல் பொருந்தாது. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்புமுள்ள பொலித்தீன் 2007ஆம் ஆண்டு முதல் தடையாயிற்று. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டு தினத்தில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் உணவு பொதியும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் பெட்டியும் விலக்கப்பட்டன. 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பண்டங்களை 20 மில்லிலீற்றரோ 20 கிராமோ, அதற்குக் குறைவாகவோ அடைத்த சிற்றுறைகளும் தடைக்குள்ளாயின. கடலூரில் ஏழைக்கென முளைத்த கருத்தை, அரை நூற்றாண்டுக்குள் இலங்கையில் ஒரு சட்டம் மறித்தது.

இதனால் பிளாஸ்டிக் முற்றிலும் தீயதெனத் துணிதல் கூடாது. ஓலைப்பெட்டி பால்மாவை ஈரத்தினின்று காவாது; மண்சட்டி நெடுவழியில் உடையும். குறை பொருளில் இல்லை, கணக்கில் உள்ளது. பொதியால் வரும் இலாபம் உற்பத்தியாளரின் ஏட்டில் ஏறுகிறது. பொதியை அகற்றும் செலவோ மாநகர சபையின் வண்டியிலும் வரி செலுத்துவோர் தலையிலும் ஏறுகிறது. எஞ்சியதைப் பள்ளக்காட்டு யானை செலுத்தியது.

ஆதலின் சட்டம் உறையின் தடிப்பை அளப்பதோடு அமைதல் போதாது. பழைய போத்தலைப்போல வெற்றுறைக்கும் ஒரு விலை வைத்து, உற்பத்தி செய்தவனே அதை மீளப் பெறும் முறை வேண்டும். அம்முறை வரும்வரை, கல்முனைச் சந்தையில் ஒரு பையைக் கையில் வாங்குவோர், அது சென்று சேரும் இடத்தையும் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் கடன்.