இனாம் என்று ஓர் ஊர்

விருதுநகர் பழைய பேருந்து நிலையத்தில் ஒரு மதியம். டவுன் பஸ்ஸுக்குள் எனக்கு முன் இருக்கையில் ஒரு அப்பத்தாவும் பேரனும். எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டைப் பையன் எழுத்துக் கூட்டி வாசித்தான்: "இ-னா-ம்-ரெட்டி-ய-பட்டி." பிறகு கேட்டான்: "அப்பத்தா, இந்த ஊர யாருக்கு இனாமாக் குடுத்தாக?"

"ஒனக்குத்தான் குடுக்கப் போறாக. சும்மா இருடா."

பையன் கேட்டது விளையாட்டுக் கேள்விதான். ஆனால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டிய கேள்வி அது. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எதைக் கொடுத்தார்? இந்தச் சொல்லின் பின்னால் போகிறவர் எந்த நூற்றாண்டில் நின்றாலும் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

விருதுநகர் மாவட்ட வருவாய்க் கிராமங்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். இனாம்ரெட்டியபட்டி தனியாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இனாம் கரிசல்குளம், இனாம் நாச்சியார்கோவில். ராஜபாளையம் பக்கம் இனாம் செட்டிகுளம். கூடவே வேறு இரண்டு முன்னொட்டுகளும் வரும். சிவகாசிப் பக்கம் ஜமீன் சல்வார்பட்டி. ராஜபாளையம் பக்கம் ஜமீன் கொல்லங்கொண்டான், அதற்குத் துணையாக அயன் கொல்லங்கொண்டான். இனாம் நாச்சியார்கோவிலுக்கும் அப்படியே ஓர் அயன் நாச்சியார்கோவில் உண்டு. இரட்டைப் பிள்ளைக்கு ஒரே பெயரை வைத்துவிட்டு அடையாளத்துக்கு ஆளுக்கொரு இனிஷியல் போட்டதுபோல் இருக்கும்.

அந்த இனிஷியல்தான் விஷயம். நிலவரி யார் கைக்குப் போகிறது என்பதை அது சொல்லிவிடும். ஜமீன்தார் வாங்கினால் ஜமீன். சர்க்கார் நேராக வாங்கினால் அயன். சர்க்கார் வாங்காமல் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால் இனாம். ஜமீன் பாரசீகச் சொல், மண் என்று பொருள். அயன் என்பதைப் பிரம்மாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 'அய்ன்' என்ற அரபுச் சொல். கண், ஊற்று, அசல் என்று பல பொருள் உண்டு; இங்கே அசல். இனாமும் அரபுதான்.

அரபில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யிலிருந்து முளைக்கும். இனாமுக்கு நூன், ஐன், மீம். நடுவில் உள்ள ஐன் அடித்தொண்டையை இறுக்கிச் சொல்ல வேண்டிய ஒலி. அதைச் சரியாகச் சொன்னால் 'இன்' என்று நிறுத்தி, தொண்டைக்குள் ஒரு பிடி பிடித்து, 'ஆம்' என்று விட வேண்டும். பாரசீகம் பேசியவர்கள் அந்தப் பிடியைத் தளர்த்தினார்கள். நாம் முழுக்கவே விட்டுவிட்டோம்.

இந்த மூன்று எழுத்துக்கு அடிப்படைப் பொருள் மென்மை, சுகம், நல்வாழ்வு. 'நிஃமத்' என்றால் அருட்பேறு. 'நயீம்' என்றால் பேரின்பம். குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் இறைவன் அருள்புரிந்தவர்களைக் குறிக்கும் வினைச்சொல் இந்த வேரில் வந்ததுதான். ஆறாவது அத்தியாயத்தின் பெயர் 'அல் அன்ஆம்', அதாவது கால்நடைகள். பாலைவனத்தில் ஒட்டகமும் ஆடும்தானே செல்வம்? தமிழில் மாடு என்றால் செல்வம் என்றும் பொருள் கொண்டிருந்தோமே, அதே கணக்கு. 'நஅம்' என்றால் 'ஆமாம்'. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத வாய். 'நஆமா' என்றால் தீக்கோழி. அது எப்படி இந்த வீட்டுக்குள் வந்தது என்று யோசித்தால் பொழுது போய்விடும், விட்டுவிடலாம்.

ஆக, 'இன்ஆம்' என்றால் ஒருவரைச் சுகப்படுத்தும்படி கொடுத்தல், அருளுதல். பொருளைவிடக் கொடுக்கும் செயல்தான் அதில் முன்னே நிற்கிறது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. முதலில் அந்த மேலே இருப்பவர் ஆண்டவன்.

அதனால்தான் இது ஆள் பெயராகவும் ஆயிற்று. எகிப்திலும் சுற்று நாடுகளிலும் பெண்களுக்கு இன்ஆம் என்று பெயர் வைப்பதுண்டு. நம் பக்கம் ஆண்களுக்கு இனாமுல்லா, இனாமுல் ஹக், இனாமுல் ஹசன். (பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் இன்சமாமை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்; அது வேறு வேர், சேர்தல் என்று பொருள்.) நியமத்துல்லா என்று நம்மூரில் எழுதுகிறோமே, அது நிஃமத்துல்லா, இனாமுல்லாவுக்குப் பெரியப்பா மகன்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் பெயர் இந்தச் சொல்லில்தான் தொடங்கும். வாத்தியார் வருகை எடுக்கும்போது அந்தப் பெயர் வந்தால் வகுப்பே நமட்டுச் சிரிப்புச் சிரிக்கும். "பென்சில் இனாமாக் கெடைக்குமாடா?" என்று கேட்போம். ஒருநாள் அவன் சொன்னான்: "எங்க அத்தா சொன்னாரு, ஆண்டவன் குடுத்த பிள்ளைன்னு அர்த்தமாம்." நாங்கள் அதற்கும் சிரித்தோம். அதே வகுப்பில் ஒரு பிச்சைமுத்து இருந்தான், ஒரு பிச்சையா இருந்தான். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், இது சாமி போட்ட பிச்சை என்று நேர்ந்து வைக்கிற பெயர் அது. இரண்டும் ஒரே பெயர்தான் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆண்டவன் கொடுத்தது எப்போது அரசன் கொடுத்ததாக மாறியது? அரபுச் சொல் தமிழ்நாட்டுச் சர்க்கார் கச்சேரிக்கு நேராகக் கப்பலில் வந்து இறங்கவில்லை. பாரசீகத்தின் முதுகில் ஏறி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப்பின் தர்பார் பாரசீகத்தில் எழுதியது. கணக்கு, தீர்வை, தீர்ப்பு எல்லாம் அந்த மொழியில். வக்கீல், முன்சீப், அமீனா, ஆஜர், ஜாமீன், ஜப்தி, வசூல், பாக்கி என்று கோர்ட் வாசலில் நாம் பேசுவதெல்லாம் அரபு வேர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நவாப்பின் நாற்காலியில் உட்கார்ந்தபோது நாற்காலியோடு சொற்களையும் எடுத்துக்கொண்டான்.

பொருள் மட்டும் நமக்குப் பழையதுதான். கல்வெட்டுத் தமிழில் இறையிலி, தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம். நாயக்கர் காலத்தில் மானியம், சர்வமானியம். இனாம் வந்து இந்த எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரையைக் குத்தியது. கோயிலுக்கு விட்டது தேவதாய இனாம், பிராமணருக்கு விட்டது பிரமதாய இனாம், சத்திரத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் விட்டது தர்மதாய இனாம், வெட்டியானுக்கும் தச்சனுக்கும் நாதசுரக்காரருக்கும் விட்டது ஊழிய இனாம். வாங்கியவர் இனாம்தார். மராட்டியத்தில் அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. பாஜிராவ் பேஷ்வாவை வைத்து 'ராவூ' என்ற நாவலை எழுதியவர் பெயர் நா. ச. இனாம்தார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தவறவிட்டால் சொல்லின் கதையே புரியாது. ராஜா ஓர் ஊரை இனாமாகக் கொடுத்தார் என்றால் மண்ணைத் தூக்கிக் கொடுத்தார் என்று பொருள் இல்லை. விளைச்சலில் அரசுக்குச் சேர வேண்டிய பங்குக்கு மேல்வாரம் என்று பெயர்; உழுதவன் பங்கு குடிவாரம். பெரும்பாலும் ராஜா விட்டுக்கொடுத்தது மேல்வாரத்தை. கரிசலில் பருத்தியும் கம்பும் போட்ட சம்சாரிக்கு அந்த இனாமால் ஒரு பிடி தானியம்கூட மிச்சமில்லை. முன்பு கச்சேரிக்கு அளந்ததை இனிமேல் இனாம்தார் வீட்டுக்கு அளந்தான். கொடுத்த புண்ணியம் ராஜாவுக்கு, வாங்கிய சுகம் இனாம்தாருக்கு, மூட்டையைச் சுமந்தது மட்டும் அவன்.

கம்பெனி ஆட்சி முடிந்த அதே 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. மாகாணம் முழுக்கத் தீர்வை கட்டாமல் இத்தனை நிலம் கிடக்கிறதே, உண்மையிலேயே யாரோ கொடுத்ததா, இல்லை ஊர்க் கணக்கெழுதும் கர்ணம் எழுதிக்கொண்டதா என்று பார்க்கத்தான். ஊர் ஊராகப் பதிவேடு போட்டார்கள். நம் பையன் கேட்ட கேள்விகள்தான் அதன் கட்டங்கள்: கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எதற்காக, என்ன ஆதாரம், இப்போது யார் அனுபவத்தில். செப்பேட்டில் 'சந்திராதித்தவரை' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சந்திர சூரியர் சாட்சி சொல்ல வரமாட்டார்கள், காகிதம் வேண்டும். உரிமை நிலைத்தவர்களுக்கு நம்பர் போட்ட பட்டயம் கிடைத்தது. சிலருக்கு 'ஜோடி' விதித்தார்கள். இந்த ஜோடி கணவன் மனைவி அல்ல, சலுகைத் தீர்வை. கோயில் நில வழக்கு எது வந்தாலும் இன்றைக்கும் இரண்டு பக்க வக்கீல்களும் முதலில் தேடுவது அந்தப் பழைய இனாம் பதிவேட்டின் நகலைத்தான். கரூர் வெண்ணெய்மலையில் கோயில் இனாம் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் தெருவுக்கு வந்து போராடியது அண்மைக் காலச் செய்தி.

சட்டப்படி இனாம் செத்தது 1963இல். அந்த ஆண்டின் 26ஆம் சட்டம் இனாம் எஸ்டேட்டுகளையும், 30ஆம் சட்டம் சிறு இனாம்களையும் ஒழித்து, சர்க்கார் குடியானவரிடம் நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரியாக்கின. விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியதும் அதே ஆண்டு அக்டோபரில்தான். நிலத்தில் இனாம் போயிற்று. ஊர்ப் பெயரில் ஒட்டியதை உரிக்க எந்தச் சட்டமும் வரவில்லை.

பேச்சில் அதற்கு முன்பே இனாம் வேறு வேலைக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின நாள் தபால்காரரும் கூர்க்காவும் வாசலில் நின்று தலையைச் சொறிந்தால் அது தீபாவளி இனாம். இது கொஞ்சம் கௌரவமானது. ஆண்டு முழுக்க உழைத்தவர் கேட்கிறார், கொடுப்பவரும் சிரித்துக்கொண்டே கொடுக்கிறார். பக்கத்திலேயே மாமூல் நிற்கிறது. அதுவும் அரபு, 'வழக்கமானது' என்றுதான் பொருள். பட்டாசு சீசனில் கடைக்காரர் ஒருவர் எனக்கு வித்தியாசம் சொல்லிக் கொடுத்தார்: "நானாக் குடுத்தா இனாம். அவுகளா எடுத்துக்கிட்டா மாமூல்." அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சிவகாசியை நாம் வெடியூர், தீப்பெட்டியூர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாடு முழுக்கக் கைமாறும் இனாம்களை உற்பத்தி செய்கிற ஊரும் இதுதான் என்று யாரும் சொல்வதில்லை. காலண்டரைச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆடிப்பெருக்கு அன்றும் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் இங்கே வெளியாகும். மளிகைக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அதைப் புரட்டி, இந்தப் பிள்ளையாரில் இத்தனை, அந்த மகாலட்சுமியில் இத்தனை என்று ஆர்டர் கொடுப்பார்கள். அட்டை தனியாக, தாள்கட்டு தனியாக அச்சாகி, தகரப் பட்டை வைத்து அடித்து முடிந்த தினசரி காலண்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாமி படத்துக்குக் கீழே, தேதித் தாளைவிடப் பெரிய எழுத்தில் கடையின் பெயர், தெரு, போன் நம்பர். டிசம்பர் கடைசியில் "அண்ணாச்சி, காலண்டர் இருக்கா?" என்று கேட்டு வாங்கி வருகிறோம். கடைகளில் காசுக்கும் கிடைக்கும், ஆனாலும் அதைக் காசு கொடுத்து வாங்குவது ஏதோ தோல்வி மாதிரி நமக்கு.

இன்றைக்குப் புழங்கும் இனாம்களில் பழைய இலக்கணம் தவறாதது இந்தக் காலண்டர்தான் என்பது என் எண்ணம். கொடுத்தவர் பெயர் வருடம் முழுக்க நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இனாம் கமிஷன்காரன் வந்தால் முதல் கட்டத்தை உடனே நிரப்பிவிடுவான். பட்டாசு கிஃப்ட் பாக்ஸும் ஏறக்குறைய இதே ஜாதி. கம்பெனி தன் ஊழியருக்கும் வியாபாரி தன் வாடிக்கையாளருக்கும் கொடுக்கும்போது மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இனாம்' என்ற சோப்புக்கு அது இல்லை. கொடுப்பவரும் இல்லை, கொடையும் இல்லை, வெறும் விலைக் கணக்கு. சொல் அங்கேதான் மலிந்தது. 'இனாமாக் கெடச்சா பினாயிலயும் குடிப்பான்' என்ற நக்கல் கொடுப்பவர் முகம் தெரியாத காலத்து நக்கல். 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பது முகம் தெரிந்த காலத்துப் பழமொழி.

அரசும் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. 2011க்குப் பிறகு வந்த மிக்ஸியும் மடிக்கணினியும் 'விலையில்லா' என்ற பட்டத்தோடு வந்தன. இனாமின் பழைய கூட்டாளியான மானியத்துக்கு மட்டும் நல்ல காலம். நிலத்தை விட்டுவிட்டு காஸ் சிலிண்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு மரியாதையாக வாழ்கிறது. இனாமை யாரும் அரசாணையில் எழுத மாட்டார்கள். வருவாய்த் துறை மட்டும் ஊர்ப் பெயராக அதை நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு நடத்துனர் எங்கள் பஸ்ஸில் ஏறினார். அப்பத்தாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு அப்படித்தான். பையனை மேலும் கீழும் பார்த்து, "வயசு என்ன?" என்றார். அரை டிக்கெட்.