குரலால் ஆளை அறிதல்

தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்துக்களாதலை விளக்குகின்றார். அஃது எல்லோர்க்கும் பொதுவாகிய இலக்கணம். ஒரே அகரத்தை இருவர் ஒலிக்க, இவர் இன்னார் என நாம் பிரித்தறிவது எங்ஙனம்? குரல்நாண்களின் நீளமும் தடிப்பும், மிடறு, வாய், மூக்கு என்னும் அறைகளின் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பேச்சின் வேகம், நிறுத்தம், ஊர்வழக்கு ஆகிய பழக்கங்களும் உடன்சேரவே குரல் ஒருவர்க்கே உரியதாகின்றது.

ஹோர்ட்டன் சமவெளியை அடுத்துள்ள டயகம போன்ற தோட்டங்களில் இவ்வறிவு ஏட்டுப்பொருள் அன்று. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் நிற்பவர் முகம் தெரியாது. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுபவர் யார், மேல் நிரையிலிருந்து கூவுபவர் யார் என்பதெல்லாம் குரலாலேயே தெரியும். லயத்தின் மெல்லிய சுவருக்கு அப்பால் இருமுபவரையுங்கூட அறிவர்.

முகமறியாக் குரலோடு பழகும் புதுமையை இம்மலைகளுக்குக் கொணர்ந்தது வானொலி. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனனை இங்கும் தமிழ்நாட்டிலும் கேட்டோருட் பெரும்பாலார் நேரிற் கண்டவரல்லர். ஆயினும் சிற்றலையின் இரைச்சலூடே அவர் வாய்திறந்த மாத்திரத்தே இன்னாரெனக் கண்டுகொண்டனர். பின்வந்த கே. எஸ். ராஜாவையோ விரைந்த பேச்சே காட்டிக்கொடுத்தது.

பழகிய குரல் எத்துணை மாற்றத்தைத் தாங்கும் என்பதற்கு எம். ஜி. இராமச்சந்திரன் வரலாறு தக்க சான்று. இம்மலைநாட்டில் 1917இற் பிறந்த அவருடைய கழுத்தில் 1967 சனவரி 12ஆம் நாள் எம். ஆர். ராதாவின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. குரல் தெளிவிழந்தது, சொற்கள் குழறின. எனினும் அவ்வாண்டே வெளிவந்த 'காவல்காரன்' படத்தில் தம் குரலிலேயே பேசினார். கேட்டவர் எவரும் ஐயுற்றாரில்லை. திரையில் முகமும் தெரிந்ததன்றோ என வினவலாம். வானொலிப் பெட்டியருகே இருந்தோர்க்கு முகம் ஏது? தொண்டை மாறியும் பேச்சின் நடை மாறவில்லை. கேட்டோர் செவியும் பல்லாண்டு பழகியது.

ஒருமுறை மட்டும் கேட்ட குரலின் நிலை வேறு. அமெரிக்க வானோடி லிண்ட்பேர்க்கின் குழந்தை 1932 மார்ச்சில் கடத்தப்பட்டது. ஏப்பிரல் 2ஆம் நாள் இரவு, மீட்புப்பணம் பெற வந்தவன் கல்லறைத் தோட்டமொன்றில் உரக்கக் கூவிய ஓரிரு சொற்களை லிண்ட்பேர்க் தூரத்தே காரினுள் இருந்து கேட்டார். 1935 சனவரியில், அக்குரல் ஹவுப்ட்மனுடையதே என நீதிமன்றில் உறுதியாகச் சொன்னார். வேறு சான்றுகளும் இருந்தன என்பது உண்மையே. ஹவுப்ட்மன் 1936இற் கொல்லப்பட்டான். அச்சாட்சியத்தால் எழுந்த ஐயமே பிரான்சிஸ் மக்கீ என்னும் பெண்மணியை ஆராய்ச்சிக்குத் தூண்டியது. முன்பின் அறியாத குரலொன்றைக் கேட்டோர், ஐவர் குரல்களுள் அதனை மறுநாட் சரியாகச் சுட்டியமை நூற்றுக்கு 83. ஐந்து மாதம் சென்றபின் 13 என 1937இல் அவர் வெளியிட்டார். குருட்டாம்போக்கிற் சுட்டியிருப்பினும் 20 தேறியிருக்குமே! லிண்ட்பேர்க்குக்கு இடையிற் கழிந்ததோ இரண்டே முக்கால் ஆண்டு.

பழகிய குரலை அறிதலும் புதுக்குரல்களைப் பிரித்தறிதலும் மூளையின் இருவேறு தொழில்கள் என்பதை 1980களில் வான் லங்கரும் உடனாய்ந்தோரும் காட்டினர். மூளையிற் சேதமுற்றோருட் சிலர்க்கு ஒன்று கெட்டு மற்றையது எஞ்சியிருந்தது. ஆதலின், இருளிற் பக்கத்துக் காம்பராக்காரர் குரலைக் கேட்டேன் என்பவரையும், ஒருநாள் வந்துபோன அந்நியன் குரலைப் பல மாதங்கழித்து அடையாளங் காட்டுபவரையும் சாட்சிக்கூண்டில் ஒப்ப மதித்தல் தகாது. அவர் உறுதியாகச் சொல்லுகின்றார் என்பது போதிய காரணமன்று. லிண்ட்பேர்க்கும் உறுதியாகவே சொன்னார்.

பொறியால் இவ்வழக்குத் தீரும் என நம்பியவர்களும் உளர். பெல் ஆய்வுகூடத்து லோரன்ஸ் கேர்ஸ்ரா 1962இற் குரலை வரைபடமாக்கி, அது கைரேகையை ஒத்தது என்றார். அமெரிக்க நீதிமன்றங்கள் சில அதனை ஏற்றன. ஆனால் 1979இல் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு, அம்முறைக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என அறிக்கையிட்டது. விரலின் ரேகை வாழ்நாள் முழுதும் மாறாதது. குரலின் வரைபடமோ தடிமன் பிடித்தாலும் மாறிவிடும்.