எனலாப்ரிலும் 2007ஆம் ஆண்டு முடிவுரையும்: முதிய நாய்களின் வால்வு நோய் மருத்துவத்தில் ஒரு மறுவாசிப்பு

ஈரிதழ் வால்வு தடித்துக் கசியும் முதிய நாய்க்கு, நுரையீரலில் நீர் கோத்து இதயச் செயலிழப்பு தொடங்கிவிட்டால் என்ன கொடுப்பது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஃபுரோஸ்மைடும் பிமோபெண்டானும் அங்கே உறுதியான இடம் பெற்றுவிட்டன. வேறுபாடு இருப்பது அதற்கு முந்திய கட்டத்தில்தான். ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு கேட்கிறது. நாயோ நன்றாக உண்கிறது, ஓடுகிறது, மூச்சு வாங்கவில்லை. இந்த நாய்க்கு ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் மாத்திரை கொடுப்பது நியாயமா? 1990களிலிருந்து இக்கேள்விக்கு விடை எப்படி உருவானது என்பதை ஆராயும் இக்கட்டுரை, அவ்வரலாற்றின் நடுவில் நிற்கும் கிளார்க் அட்கின்ஸ் குழுவினரின் வாசிப்போடு உடன்படவில்லை.

முன்கதை சுருக்கமானது. எனலாப்ரில், பெனாசெப்ரில் ஆகிய ஏசிஇ தடுப்பான்கள் செயலிழப்பு தொடங்கிய நாய்களுக்குப் பயன்படுவதை 1995 முதல் 1999 வரை வெளியான ஆய்வுகள் காட்டின. நோயறிகுறி தோன்றுமுன்பே அவற்றைக் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு மனித மருத்துவம் ஊக்கமளித்தது. இதயத்தசை நலிந்தும் அறிகுறி தோன்றாத மனிதர்களில் எனலாப்ரில் செயலிழப்பைத் தள்ளிப்போட்டதாக 1992இல் வெளியான சால்வ்ட் தடுப்பு ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் அந்நோயாளிகளில் பெரும்பாலோர் மாரடைப்பால் தசை நலிந்தவர்கள். நாயின் நோய் தசையில் தொடங்குவதில்லை, வால்வில் தொடங்குகிறது. இந்த வேறுபாடு அன்று போதிய அளவு எடைபோடப்படவில்லை.

முதல் நேரடிச் சோதனை ஸ்காண்டிநேவியாவில் நடந்தது. கிளாரன்ஸ் க்வார்ட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஸ்வெப் ஆய்வில் அறிகுறியற்ற 229 கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல்கள் பங்கேற்றன. எனலாப்ரில் பெற்றவற்றில் 43 விழுக்காடும், வெற்று மாத்திரை பெற்றவற்றில் 42 விழுக்காடும் செயலிழப்புக்கு உள்ளாயின. அதுவரை கடந்த காலம் முறையே ஏறத்தாழ 1150, 1130 நாட்கள். தொடக்கத்தில் இதயம் பெருத்திருந்ததா இல்லையா என்று பிரித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை.

ஐந்தாண்டு கழித்து அமெரிக்காவிலிருந்து அட்கின்ஸ் குழுவினரின் வெட்ப்ரூஃப் ஆய்வு வந்தது. மிதமானது முதல் கடுமையானது வரை வால்வுக் கசிவு கொண்ட 124 நாய்கள் இதில் இடம்பெற்றன. இங்குதான் நாம் நிதானமாக நிற்க வேண்டும். இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் அதன் இறுதி வாக்கியத்தையே எடுத்தாள்கிறார்கள். அதற்கு முந்திய இரண்டு வாக்கியங்களோடு சேர்த்துப் படித்தால் நிலைமை வேறு.

சுருக்கத்தின் முடிவுரை மூன்று படிகளில் நகர்கிறது. 500ஆம் நாளிலும் ஆய்வின் இறுதியிலும் செயலிழப்பின்றி இருந்த நாய்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு, எனலாப்ரில் செயலிழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு தள்ளிப்போட்டது என்பது முதல் படி. முதன்மை அளவுகோலாகிய செயலிழப்பற்ற காலத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று என்பது இரண்டாம் படி. ஆகவே எனலாப்ரில் செயலிழப்பை ஓரளவு தாமதப்படுத்துவதாகத் தோன்றுகிறது என்பது மூன்றாம் படி. ஆய்வு தொடங்குமுன் எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்று முடிவு செய்தார்களோ, அந்தக் கேள்விக்கான விடை இரண்டாம் படியில் இருக்கிறது. முடிவுரையோ துணைக் கேள்விகளின் விடையை முன்னே வைத்து, முதன்மை விடையை நடுவில் செருகி, துணை விடையின் திசையிலேயே முடிகிறது. துணை அளவுகோல்கள் பலவாக இருக்கும்போது அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவே சாதகமாகத் தெரியக்கூடும். அதனால்தான் முதன்மை அளவுகோல் என்ற ஒன்றை முன்கூட்டியே குறித்துவைக்கிறோம்.

எண்களும் இதே ஐயத்தை எழுப்புகின்றன. எனலாப்ரில் பெற்ற நாய்கள் சராசரியாக 142 நாட்கள் கூடுதலாகச் செயலிழப்பின்றி இருந்தன. செயலிழப்போடு எந்தக் காரணத்தாலும் நேர்ந்த இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட கலப்பு அளவுகோலில் ஆதாயம் 317 நாட்களாக உயர்கிறது. எனலாப்ரிலின் பயன் செயலிழப்பைத் தள்ளிப்போடுவது மட்டுமே என்றால், புற்றுநோய் போன்ற தொடர்பற்ற இறப்புகளைச் சேர்த்ததும் அந்த ஆதாயம் நீர்த்துப்போக வேண்டும். இங்கோ அது இரட்டிப்புக்கும் மேலாகிறது. அப்படியானால் ஆதாயத்தின் ஒரு பகுதி இதயத்துக்குப் புறத்தே இருந்து வந்திருக்க வேண்டும். இதயத்தோடு தொடர்பற்ற இறப்புகளை எனலாப்ரில் குறைப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் முன்வைக்கப்படவில்லை. சிறிய எண்ணிக்கையில் நாய்களைப் பிரித்ததில் நேர்ந்த தற்செயல் ஏற்றத்தாழ்வு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். இரு எண்களும் ஒரே வகைப் புள்ளியியல் அளவைகளாக இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. அப்படியாயின் இவ்வாதம் வலுக் குறையும். ஆனாலும் முற்றிலும் விழுந்துவிடாது.

அட்கின்ஸ் வாசிப்பை ஏற்போர் இரு ஆய்வுகளின் முரணுக்கு மூன்று காரணங்கள் சொல்வதுண்டு. ஸ்வெப் நாய்கள் ஒரே இனம், அவற்றின் நோய் லேசானது, மருந்தளவு குறைவு. நோய் லேசானது என்ற காரணம் நிற்காது. இதயம் பெருத்த ஸ்வெப் நாய்களிலும் பயன் தெரியவில்லை என்பதை மேலே கண்டோம். மருந்தளவு பற்றிய காரணம் கவனத்துக்குரியது. வெட்ப்ரூஃபில் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம், ஸ்வெப்பில் 0.25 முதல் 0.5 வரை. ஆயினும் இந்த இடைவெளி சிறியது. முதன்மை அளவுகோலில் வெட்ப்ரூஃபும் வெல்லவில்லை என்பதை மறந்தால்தான், விளக்கம் தேவைப்படும் முரண் ஒன்று அங்கே இருப்பதாகத் தோன்றும். முதன்மை விடையை முன்னே வைத்துப் படித்தால் இரு ஆய்வுகளும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன.

பிற்காலச் சான்றும் இவ்வாசிப்பின் பக்கமே சாய்கிறது. பெனாசெப்ரிலையும் ஸ்பைரோனோலாக்டோனையும் சேர்த்துக் கொடுத்த டிலே ஆய்வு 2020இல் வெளியானது. 184 நாய்கள் பங்கேற்ற அதில், இதயம் பெருத்தும் அறிகுறி தோன்றாத கட்டத்தில் செயலிழப்போ இதய இறப்போ தள்ளிப்போனதாகக் காணவில்லை. இதயத்தின் அளவில் சாதகமான மாற்றம் இருந்தது. ஏசிஇ தடுப்பான்கள் எதுவுமே செய்வதில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நாயின் வாழ்நாளில் தெரியும் அளவுக்குச் செய்கின்றன என்றும் சொல்ல முடியாது.

பிமோபெண்டானின் பாதை வேறு. கால்சியத்துக்கு இதயத்தசையின் உணர்வைக் கூட்டுவதோடு பாஸ்போடைஎஸ்டரேஸ்-3 நொதியையும் தடுக்கும் மருந்து அது. அதே நொதியைத் தடுக்கும் மில்ரினோன் மனிதர்களில் இறப்பைக் கூட்டியதை 1991இல் ப்ராமிஸ் ஆய்வு காட்டியிருந்தது. அந்த அச்சம் நாய் மருத்துவத்திலும் நிழலிட்டது. 2007இல் வலேரி ஷெட்புல் குழுவினர் லேசான நோய் கொண்ட 12 பீகிள் நாய்களை ஆராய்ந்தபோது, பிமோபெண்டான் பெற்றவற்றில் கசிவு கூடியதையும் வால்வில் சேதம் இருந்ததையும் கண்டனர். 2008இல் குவெஸ்ட் ஆய்வு செயலிழப்பு தொடங்கிய நாய்களில் முதன்மை அளவுகோலை எட்டும் வரை கடந்த காலம் பிமோபெண்டானுக்கு 267 நாட்கள், பெனாசெப்ரிலுக்கு 140 நாட்கள் என்று காட்டிய பின்னும், அறிகுறியற்ற கட்டத்தில் தயக்கம் நீங்கவில்லை.

அதை நீக்கியது ஏட்ரியன் பாஸ்வுட் தலைமையில் 2016இல் வெளியான எபிக் ஆய்வு. 360 நாய்கள் சேர்க்கப்பட்டன. செயலிழப்போ இதயம் சார்ந்த இறப்போ நேரும் வரை கடந்த காலத்தின் நடு மதிப்பு பிமோபெண்டானில் 1228 நாட்கள், வெற்று மாத்திரையில் 766 நாட்கள். இந்த வேறுபாடு முதன்மை அளவுகோலிலேயே கிடைத்தது. எல்லா இறப்புகளும் கலந்த அளவுகோலின் துணை அதற்குத் தேவைப்படவில்லை. ஆய்வுக்கு நிதியளித்தது மருந்தைத் தயாரித்த போயரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனமே என்பதையும் படிப்பவர் கணக்கில் கொள்ள வேண்டும்.

எபிக்கின் வெற்றிக்கு மருந்தோடு நுழைவு விதிகளும் காரணம். முணுமுணுப்பு ஆறு படிகளில் மூன்றாவதோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எக்கோவில் இடது மேலறைக்கும் பெருந்தமனிக்கும் உள்ள விகிதம் குறைந்தது 1.6, எடைக்கேற்பச் சீரமைத்த இடது கீழறை விட்டம் குறைந்தது 1.7, எக்ஸ்-ரேயில் முதுகெலும்புகளின் நீளத்தோடு ஒப்பிட்ட இதய அளவு 10.5க்கு மேல். இவ்வாறு பெருத்த இதயம் மட்டுமே ஆய்வுக்குள் வந்தது. ஷெட்புலின் பீகிள்களோ இந்த வரம்புக்கு வெகு கீழே இருந்தவை. ஆகவே இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. எபிக் வந்துவிட்டதால் 2007இன் எச்சரிக்கை காலாவதியாகிவிட்டது என்போர், முணுமுணுப்பு மட்டும் கேட்கும் நாய்க்கும் மாத்திரை எழுதும் இடத்தில் போய் நிற்கிறார்கள். அதற்குச் சான்று இல்லை.

நெறிமுறைகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் 2009 அறிக்கை, இதயம் பெருக்காத நிலையை பி1 என்றும் பெருத்த நிலையை பி2 என்றும் பிரித்தது. பி2வில் ஏசிஇ தடுப்பான் குறித்துக் குழுவினருக்குள் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை, பெரும்பான்மையினர் ஆதரித்தனர். அந்த ஆதரவில் வெட்ப்ரூஃபின் மூன்றாம் படியும் எடை பெற்றிருக்கும் என்பது என் ஊகம். 2019 அறிக்கை எபிக்கின் அளவுகளை ஏற்று பி2வுக்குப் பிமோபெண்டானைப் பரிந்துரைத்தது. பி1இல் மருந்து வேண்டாம் என்றது.

முன்கூட்டியே ஏசிஇ தடுப்பான் கொடுக்கும் பழக்கம் எந்த ஆண்டில் வேரூன்றியது என்று அறுதியிட முடியவில்லை. 2009 அறிக்கை அப்பழக்கத்தை ஏட்டில் பதிந்தது. மருத்துவமனைகளில் அது அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அதைப் போலவே, பி1க்கும் பி2வுக்கும் இடையில் பிமோபெண்டானின் பயன் எந்த அளவில் தொடங்குகிறது என்பதும் தீராத கேள்வி. 1.6 என்பது ஆய்வுக்காக மனிதர் வகுத்த எல்லை. அந்த அளவில்தான் நோய் திசைமாறுகிறது என்று இயற்கை எதுவும் எழுதித் தரவில்லை.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். இந்த மருத்துவத்தை முன்னகர்த்தியது ஒரு மருந்தின் இடத்தில் இன்னொரு மருந்தை வைத்தது மட்டுமன்று. எந்த நாய்க்கு என்பதை அளந்து வகுத்ததும், முன்கூட்டிக் கேட்ட கேள்விக்கே விடை பெற்றதும் அதற்குச் சமமான பங்காற்றின. தனக்கு என்ன செய்கிறது என்று சொல்ல முடியாத உயிருக்கு நாள்தோறும் ஊட்டப்படும் மாத்திரை இது. ஆதலால் வெட்ப்ரூஃபை இனி மேற்கோள் காட்டுவோர் அதன் இரண்டாம் வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும்.