வட்டுப் படிமங்களும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் நிரலகமும்

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் மற்றொரு கணினி. அதற்குத் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வன்வட்டு உண்டு. ஆனால் அந்த வன்வட்டு கையால் தொடக்கூடிய பொருள் அன்று. அதைத் தாங்கி நிற்கும் கணினியில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பே அது. இக்கோப்பு வட்டுப் படிமம் எனப்படும். இயங்குதளம், பயனர்களின் ஆவணங்கள், கடவுச்சொற்கள், தரவுத்தளம் அனைத்தும் இந்த ஒரே கோப்பினுள் அடங்கியிருக்கும்.

இதனால் வசதியும் உண்டு, சிக்கலும் உண்டு. ஒரு முழுக் கணினியையும் ஒரு கோப்பாக நகலெடுத்து வேறிடத்தில் ஓட்டலாம் என்பது வசதி. அதனுள் இருக்கும் ஒரே ஒரு ஆவணத்தை, அந்த மெய்நிகர் கணினியை இயக்காமல், பழுதாக்காமல் வெளியே எடுப்பது எப்படி என்பது சிக்கல். படிமங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது இதைக் கையால் செய்ய முடியாது. நிரல் எழுதித்தான் செய்ய வேண்டும். அந்த நிரல்களுக்கு உதவும் நிரலகங்களின் வரலாறு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

சிறுவட்டுகளின் காலம்

ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1967 தொடக்கத்தில் சிபி-40 என்ற அமைப்பு இயங்கத் தொடங்கியது. ஒரே பெருங்கணினியைப் பல பயனர்களுக்குத் தனித்தனிக் கணினிகளாகக் காட்டியது அது. அதன் வழிவந்த விஎம்/370, 1972 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் வட்டு மிக விலை உயர்ந்த பொருள். ஆகவே ஒரு பெரிய வட்டைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு பயனருக்கும் ஒரு 'சிறுவட்டு' தரப்பட்டது. பயனரின் சொந்தச் சிறுவட்டுக்கு வழக்கமான எண் 191.

ஒருவர் மற்றவரின் சிறுவட்டைத் தன் கணினியோடு இணைத்துக்கொள்ள 'லிங்க்' என்ற கட்டளை இருந்தது. படிக்க மட்டும் இணைக்கலாம், எழுதவும் இணைக்கலாம். இருவர் ஒரே வட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்புப் பட்டியல் குலைந்துவிடும். இன்றைய படிமக் கருவிகளின் கையேடுகள் விடுக்கும் முதல் எச்சரிக்கை இதுவேதான். வட்டு துண்டாக இருந்தது கோப்பாக மாறியது, ஆபத்து மாறவில்லை.

இந்த அமைப்பின் மேல்தான் ரெக்ஸ் என்ற எளிய நிரல்மொழியும் பிறந்தது. ஐபிஎம் பொறியாளர் மைக் கவ்லிஷா 1979 மார்ச்சில் அதை உருவாக்கத் தொடங்கினார். சிறுவட்டை இணைப்பது, கோப்பை எடுப்பது, வட்டை விடுவிப்பது ஆகிய வேலைகளைச் சில வரி நிரலாக எழுத அது வழிசெய்தது.

கோப்பாக மாறிய வட்டு

1980களில் மேசைக் கணினி பரவியபோது மெய்நிகர் கணினி என்ற கருத்து பெருங்கணினிகளோடு ஒதுங்கிக்கொண்டது. அதை மீண்டும் கொண்டுவந்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம். அதன் வொர்க்ஸ்டேஷன் மென்பொருள் 1999இல் வெளிவந்தது. அதன் படிம வடிவம் விஎம்டிகே. மைக்ரோசாஃப்ட், கனெக்டிக்ஸ் நிறுவனத்திடமிருந்து 2003இல் பெற்ற வடிவம் விஹெச்டி. அதே ஆண்டு ஃபப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலர் கியூஎமு என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். அதிலிருந்து கியூகவ், பின்னர் கியூகவ்2 வடிவங்கள் வந்தன.

கியூகவ்2 வடிவின் சிறப்பு, ஒரு படிமம் மற்றொரு படிமத்தின் மேல் அமர முடிவது. அடியில் இருப்பது மூலப் படிமம், அது மாறுவதில்லை. மாற்றங்கள் மட்டும் மேலுள்ள சிறு கோப்பில் எழுதப்படும். முப்பது கணினிகளுக்கு ஒரே மூலம் போதும்.

சுவடி மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் உள்ள ஜினகாஞ்சி மடம் தமிழ்ச் சமணரின் தலைமை மடம். ஏட்டுச்சுவடிகளைக் காத்துவரும் இடங்களில் ஒன்று. சமணர் போற்றும் நான்கு தானங்களில் சாத்திர தானமும் ஒன்று. நூலைப் படியெடுக்கச் செய்து பிறருக்கு வழங்குவது அறம் என்று கருதிய சமூகம் அது. கன்னட நாட்டில் 10ஆம் நூற்றாண்டில் அத்திமப்பெ என்ற அம்மையார் பொன்னனின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எடுத்து வழங்கியதாகச் சொல்வர். ஓலை செல்லரிக்கும், படி இருந்தால் நூல் பிழைக்கும்.

உரைச்சுவடிகளில் பாட்டு முழுதும் எழுதாமல் முதற்குறிப்பு மட்டும் தந்து உரை எழுதுவது உண்டு. மூல ஏடு கையில் இல்லையென்றால் அந்த உரை எதற்கு என்றே விளங்காது. கியூகவ்2 மேற்படிமமும் அப்படித்தான். மூலப் படிமத்தை யாரேனும் அழித்தாலோ திருத்தினாலோ, அதன்மேல் அமர்ந்த அத்தனை கணினிகளும் ஒருசேரப் பயனற்றுப் போகும்.

படிமத்தைத் திறப்பதில் உள்ள ஆபத்து

லினக்சில் ஒரு படிமத்தை 'லூப்' சாதனமாக இணைத்து அதன் கோப்புகளைப் பார்ப்பது பழைய வழி. இதற்குக் கணினியின் முழு நிர்வாகி உரிமை வேண்டும். அதைவிடப் பெரிய குறை, படிமத்தைப் படிப்பது தாங்கிக் கணினியின் கெர்னலே என்பது. படிமத்தினுள் இருப்பதை எழுதியவர் யாரோ ஒருவர். அவர் கோப்பு முறைமையை வேண்டுமென்றே கோணலாக அமைத்திருந்தால், கெர்னலில் உள்ள ஒரு பிழையின் வழியே தாங்கிக் கணினியையே கைப்பற்றலாம்.

இது வெறும் அச்சம் அன்று. படிமத்தின் தலைப்பகுதியைப் பார்த்து அது எந்த வடிவம் என்று கியூஎமு தானே ஊகித்து வந்தது. வெற்றுப் படிமம் ஒன்றின் தொடக்கத்தில் உள்ளிருக்கும் பயனர் போலித் தலைப்பை எழுதி, 'என் மூலப் படிமம் இன்ன கோப்பு' என்று தாங்கிக் கணினியின் கோப்பு ஒன்றைக் குறிப்பிட்டால், அதைப் படித்துவிட முடிந்தது. இக்குறை 2008இல் வெளிப்பட்டது. 2012இல் ஓப்பன்ஸ்டாக் மேகக்கணினி மென்பொருளில் வேறொரு குறை தெரியவந்தது. புதிய கணினி தொடங்குமுன் அதன் படிமத்துக்குள் சில கோப்புகளை அந்த மென்பொருள் எழுதிவைக்கும். படிமத்தினுள் ஒரு குறியீட்டு இணைப்பை வைத்து, அந்த எழுத்தைத் தாங்கிக் கணினியின் கோப்பின்மேல் திருப்பிவிட முடிந்தது. ஒரே சேவையகத்தில் பல நிறுவனங்கள் குடியிருக்கும் இடத்தில் இதன் விளைவு சொல்லாமலே விளங்கும்.

விஎம்வேரின் விக்ஸ் நிரலகம் வேறு வழியில் சென்றது. சி, பெர்ல் மொழிகளில் நிரல் எழுதி, ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிக்குள் கோப்பை அனுப்பவும் எடுக்கவும் அது உதவியது. ஆனால் உள்ளே விஎம்வேரின் துணைக்கருவி நிறுவப்பட்டிருக்க வேண்டும். பயனரின் கடவுச்சொல்லும் வேண்டும். இயங்க மறுக்கும் கணினியிடம் இந்த வழி செல்லாது. கோப்பை மீட்க வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதோ அப்போதுதான்.

லிப்கெஸ்ட்எஃப்எஸ்

ரெட் ஹேட் நிறுவனத்தின் ரிச்சர்ட் டபிள்யூ. எம். ஜோன்ஸ் 2009இல் லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற கட்டற்ற நிரலகத்தை வெளியிட்டார். அதன் அடிப்படை எண்ணம் எளியது. ஐயத்துக்குரிய படிமத்தைத் தாங்கிக் கணினி தொடவே கூடாது. அதற்கென்று ஒரு சின்னஞ்சிறு மெய்நிகர் கணினியை உருவாக்கி, படிமத்தை அதனோடு இணைக்க வேண்டும். அந்தச் சிறு கணினியின் லினக்ஸ் கெர்னல் படிமத்தைப் படிக்கும். உள்ளிருக்கும் ஒரு பணிநிரல் கேட்ட கோப்பை மட்டும் வெளியே தரும். படிமத்தில் சூழ்ச்சி இருந்தாலும் முதலில் கெடுவது அந்தச் சிறு கணினி. வேலை முடிந்ததும் அது கலைக்கப்பட்டுவிடும். நிர்வாகி உரிமையும் தேவையில்லை. இதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு முறையும் தொடங்கச் சில நொடிக் காத்திருப்பு.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட செயல்கள் இதில் உள்ளன. பைத்தான், பெர்ல், ரூபி, ஜாவா, பிஹெச்பி, கோ எனப் பல மொழிகளிலிருந்து அவற்றை அழைக்கலாம். இத்தனை மொழிகளுக்கும் தனித்தனியே யாரும் எழுதவில்லை. ஓகேமல் மொழியில் செயல்களின் விவரத்தை ஒருமுறை எழுதிவைத்து, மற்ற மொழிகளுக்கான இணைப்புகளை அதிலிருந்தே தானாக உருவாக்கிக்கொள்கிறார்கள். கட்டளை வரியில் பயன்படுத்த கெஸ்ட்ஃபிஷ் என்ற கருவி உண்டு. 'ஷெல்' என்பதன் சுருக்கமான 'ஷ்' எழுத்தை வைத்து மீனாக்கிய சொல்விளையாட்டு அது. நிரலர்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி.

பைத்தானில் ஒரு கோப்பை மீட்கும் நிரல் பத்து வரிக்குள் முடிந்துவிடும். படிமத்தைப் 'படிக்க மட்டும்' என்று குறித்துச் சேர்ப்பது முதல் படி. பிறகு சிறு கணினியைத் தொடங்கவேண்டும். உள்ளே இருப்பது விண்டோசா லினக்சா, எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை நிரலகமே ஆராய்ந்து சொல்லும். அப்பகுதியை இணைத்து, வேண்டிய கோப்பைப் பதிவிறக்கி, மூடிவிடலாம். நூறு படிமங்கள் இருந்தால் இதையே ஒரு சுழற்சிக்குள் வைத்தால் போதும். சுவடிகளை ஒளிப்படமாக்கி ஒரு சேவையகத்தில் சேர்த்துவைத்த நூலகத்தில் அந்தச் சேவையகம் ஒருநாள் எழ மறுத்தால், ஓலையைப் பிரித்து மீண்டும் படமெடுப்பதா, பத்து வரி எழுதுவதா என்பதே கேள்வி. பழைய ஓலை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கொஞ்சம் உடைகிறது.

வரம்புகளும் உண்டு. மறையாக்கம் செய்த வட்டைத் திறவுகோல் இல்லாமல் திறக்க முடியாது. முழுமையாக அணைக்காமல் உறக்கநிலையில் விடப்பட்ட விண்டோஸ் வட்டைப் படிக்கலாமே தவிர எழுத இயலாது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் படிமத்தில் எழுதினால் அது நிச்சயம் கெடும். படிக்கும்போதுகூடப் பாதி எழுதிய நிலையிலுள்ள கோப்பு கிடைக்கக்கூடும்.

வேறு வீட்டுக்குக் குடிபெயர்தல்

இந்நிரலகத்தின் மேல் எழுந்த கருவிகளில் விர்ட்-சிஸ்பிரெப் நகலெடுத்த படிமத்திலிருந்து பழைய அடையாளங்களையும் பதிவேடுகளையும் நீக்குகிறது. விர்ட்-ரீசைஸ் வட்டின் அளவை மாற்றுகிறது. இவற்றைவிட இன்று அதிகம் பேசப்படுவது விர்ட்-வி2வி. மேத்யூ பூத் தொடக்கத்தில் பெர்லில் எழுதிய இதை ஜோன்ஸ் 2014இல் ஓகேமலில் திருப்பி எழுதினார். விஎம்வேர் படிமத்தை லினக்சின் கேவிஎம் அமைப்பில் ஓடும் படிமமாக மாற்றுவது இதன் வேலை.

2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாகப் பெறும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது; சந்தா முறை மட்டும் எஞ்சியது. பல நாடுகளிலும் நிறுவனங்கள் தங்கள் படிமங்களை வேறு அமைப்புக்கு மாற்றும் வழியைத் தேடத் தொடங்கின. கோப்பின் வடிவத்தை மட்டும் மாற்றினால் அதற்குப் போதாது. உள்ளிருக்கும் இயங்குதளம் புதிய மெய்நிகர் வட்டையும் வலையட்டையையும் அடையாளம் கண்டால்தான் எழும். ஆகவே விர்ட்-வி2வி படிமத்தைத் திறந்து, விண்டோசாக இருந்தால் அதற்குரிய இயக்கிகளை உள்ளே வைத்து, ரெஜிஸ்ட்ரியையும் திருத்துகிறது. மூலப் படிமத்தை அது தொடுவதில்லை; மாற்றங்கள் அனைத்தும் புதிய படியிலேயே நிகழ்கின்றன. மாற்றம் தோற்றால் பழைய கணினியை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.